சீமுட்டத்துச் சாமி பேரு

எங்கள் ஆயா தன் புருஷன் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. மாதாமாதம் மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் கடை வரிசையில் நிற்பார். மேசைக்குப் பின்னால் இருப்பவர் பெரிய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "கார்டு யார் பேர்லம்மா?" என்பார். ஆயா முந்தானையை இழுத்து வாயோரம் வைத்துக்கொண்டு, "சீமுட்டத்துச் சாமி பேரு" என்பார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'பூவராகன்' என்ற வரியில் விரலை வைப்பார். ஆயாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த வயதில் இரண்டு செய்தி மட்டும் புரிந்தது. தாத்தாவுக்கும் ஒரு சாமிக்கும் ஒரே பெயர். அந்தச் சாமி சீமுட்டத்தில் இருக்கிறது.

இப்போது என் தம்பிக்குப் பையன் பிறந்து அந்தப் பெயரை வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்தபோதுதான், பூவராகன் என்றால் உண்மையில் என்ன என்று தேட ஆரம்பித்தேன். பேருந்து நிலையக் கடையில் வாங்கிய குழந்தைப் பெயர்ப் புத்தகம் ஒன்று 'திருமாலின் பெயர்' என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டது. தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு விளக்கம். பூப்போல மென்மையானவன் என்றார் ஒருவர். ராமனைக் குறிக்கிற ராகவன்தான் அது என்றார் இன்னொருவர். வராகன் என்றால் பொற்காசு, ஆகவே செல்வன் என்று பொருள் என்றார் மற்றொருவர். பன்றி என்று பொருள் சொல்லி, எதற்குப் பிள்ளைக்கு அதை வைக்கிறீர்கள் என்று முகம் சுளித்தவரும் உண்டு. இந்த விளக்கங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து நிறுத்துப் பார்த்தாக வேண்டும்.

முதலில் பூ. தமிழ்க் காதுக்குப் பூ என்றால் மலர்தான். ஆனால் இந்தப் பூ வடமொழியில் நிலத்தைக் குறிக்கும் சொல். பூமி, பூகோளம், பூகம்பம் எல்லாவற்றிலும் நிற்பது அதே பூ. தமிழ் எழுத்தில் வடமொழியின் நான்கு பகரங்களுக்கும் ஓரெழுத்துதான் என்பதால் மலரும் மண்ணும் ஒன்றாகிவிட்டன. இந்தக் கலப்பு பெயரைக் கெடுக்கவில்லை என்பேன். கேட்பவருக்குப் பூ மணக்கிறது, சொன்னவர் மண்ணை நினைத்துச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

ராகவன் கதை வேறு. பேச்சில் ககரம் தேய்ந்து 'பூவராவன்' ஆகிறது. அதை யாரோ எழுத்தில் திருத்தப் போய், ராவன் என்பது ராகவனின் சிதைவாகத்தான் இருக்கும் என்று நினைத்து 'பூவராகவன்' என்று எழுதிவிட்டார்கள். கடலூர் மாவட்டத்துக் கடைப் பலகைகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் இரண்டு வடிவமும் கிடைக்கும். 1962 தேர்தலில் விருத்தாசலம் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்று, பக்தவத்சலம் அமைச்சரவையில் செய்தித் துறையைக் கவனித்த ஜி. பூவராகன் பெயரையே இரண்டு விதமாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். ரகு வம்சத்தில் வந்தவன் ராகவன். அவனுக்கும் வராகத்துக்கும் சொல்லளவில் எந்த உறவும் இல்லை. திருமாலின் இரண்டு அவதாரங்கள் ஒரு எழுத்துப் பிழையில் ஒன்றாகிவிட்டன என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வராகம் மிகப் பழைய சொல். ரிக் வேதத்தில் இருக்கிறது. அங்கே உருத்திரனை வானத்து வராகம் என்று அழைக்கும் இடமும் உண்டு. வேதச் சொற்களுக்குப் பொருள் எழுதிய யாஸ்கர் வராகம் என்றால் மேகம் என்றும் ஒரு பொருள் சொல்லி, சிறந்த உணவைக் கொண்டுவருவது என்று சொல்லைப் பிரித்துக் காட்டுகிறார். மழையைக் கொண்டுவரும் கருமேகத்துக்கும் சேற்றைக் கிளறும் கரிய விலங்குக்கும் ஒரே பெயர் பொருந்தியதை, ஆடி மாதத்து வானத்தைப் பார்த்து விதைப்புக்குக் காத்திருக்கும் எங்கள் பக்கத்து விவசாயி யாரும் விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார். நிலத்தை நீரிலிருந்து தூக்கிய கதை பிராமண நூல்களில் முதலில் பிரஜாபதியின் கதையாக வருகிறது. திருமாலின் அவதாரமாக அது உருவெடுத்தது பிறகுதான்.

இதே சொல் ஈரானிலும் உண்டு. சமஸ்கிருதத்தில் 'ஹ' நிற்கும் இடத்தில் அவெஸ்தா மொழியில் பெரும்பாலும் 'ஸ' போன்ற ஒலி நிற்கும். வராஹ என்பது அங்கே வராஸ. வெற்றித் தெய்வம் எடுக்கும் உருவங்களில் ஒன்று கூரிய கோரைப்பல் கொண்ட ஆண் பன்றி. அங்கிருந்து அது ஆண்பிள்ளைப் பெயராகப் பரவியது. 4ஆம் நூற்றாண்டில் ஆர்மீனியாவை ஆண்ட அரசன் ஒருவன் பெயர் வராஸ்தாத். நம் வழக்கில் சொன்னால் வராகதத்தன். 614இல் ஜெருசலேமைப் பிடித்த பாரசீகத் தளபதி ஷாஹர்பராஸ் என்ற பட்டத்தால் அறியப்பட்டவன். நாட்டின் வராகம் என்று பொருள். 630இல் சில வாரங்கள் அரியணையிலும் இருந்தான். இன்னும் மேற்கே போனால் ஜெர்மானியர்களின் எபர்ஹார்ட் என்ற பெயரில் இருக்கும் 'எபர்' ஆண் பன்றிதான். பன்றியைப்போல் உறுதியானவன் என்பது அந்தப் பெயரின் கருத்து. ஸ்ரீமுஷ்ணம் என்று எழுதப்படும் எங்கள் சீமுட்டத்தில் ஒரு தாய் தொட்டிலுக்கு மேல் குனிந்து சொல்லும் பெயரின் பங்காளிகள் இத்தனை தூரம் சிதறிக் கிடக்கிறார்கள்.

இந்தியாவிலும் அரசர்கள் இந்தப் பெயரை விடவில்லை. வாதாபிச் சாளுக்கியரின் இலச்சினை வராகம். 9ஆம் நூற்றாண்டில் கன்னோசியை ஆண்ட பிரதிகார மன்னன் மிகிரபோஜன் ஆதிவராகன் என்ற பட்டத்தைத் தன் வெள்ளிக் காசில் பொறித்தான். விஜயநகரத்தாரின் முத்திரையிலும் வாளும் சூரிய சந்திரரும் சூழ வராகம் உண்டு. அதனால்தான் தென்னாட்டில் பொற்காசுக்கே வராகன் என்று பெயர் நின்றது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் தன் நட்சத்திர முத்திரையோடு அடித்த காசையும் சனங்கள் வராகன் என்றே சொன்னார்கள். 42 பணம் ஒரு வராகன், ரூபாய்க் கணக்கில் மூன்றரை. 1818க்குப் பிறகு வெள்ளி ரூபாய் கணக்கு வந்ததும் காசு போய்விட்டது. சித்த மருத்துவச் சுவடிகளில் மட்டும் 'வராகனெடை' என்ற நிறையளவாக அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே செல்வன் என்று பொருள் சொன்னவரை முழுக்கத் தவறென்று தள்ள முடியாது. ஆனால் சாமி பெயர்தான் காசுக்குப் போனது. காசின் பெயர் பிள்ளைக்கு வரவில்லை.

மேலே சொன்ன அரசர்களும் தளபதிகளும் அந்த விலங்கிடம் எடுத்துக்கொண்டது கோரைப்பல்லை. எதிரியைக் கிழிக்கும் வேகம், பின்வாங்காத முரட்டுத்தனம். எங்கள் ஊர்ப் பெயரில் வராகனுக்கு முன்னால் பூ நிற்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அதைச் செதுக்கிக் காட்டியிருக்கிறார். பகைவன் அங்கே முக்கியமில்லை. கடலிலிருந்து தூக்கிய நிலமகளை மடித்த காலின் மேல் ஏந்தி, தன் பன்றி முகத்தை அவள் பக்கம் தாழ்த்தியிருக்கிறான். அவள் கொஞ்சம் நாணத்தோடு அமர்ந்திருக்கிறாள். இழந்ததைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த பிறகு வரும் அமைதி அந்தக் கல்லில் இருக்கிறது. பூவராகன் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: தூக்கியவனும், தூக்கப்பட்டவளும்.

இப்போது ஊருக்குப் போவோம். விருத்தாசலத்திலிருந்து தென்கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டர். கடலூர் மாவட்டத்துப் பேரூராட்சி, இப்போது வட்டத் தலைநகரும்கூட. பொம்மைக்கும் பீங்கான் சாமான்களுக்கும் பெயர்போன விருத்தாசலத்தைத் தாண்டி, கரும்பும் நெல்லும் மாறிமாறி வரும் சாலையில் போனால் மேற்குப் பார்த்த ராஜகோபுரம் தெரியும். வைணவர்கள் எட்டுத் தலங்களைத் தானாகத் தோன்றியவை என்று போற்றுகிறார்கள். ஸ்ரீரங்கம், திருவேங்கடம், வானமாமலை, சாளக்கிராமம், நைமிசாரணியம், புஷ்கரம், பத்ரி ஆகியவற்றோடு ஸ்ரீமுஷ்ணமும் அதில் ஒன்று. ஆழ்வார்கள் பாடிய 108 திருப்பதிகளில் இந்த ஊர் இல்லை. ஆனாலும் மாத்வர்கள், வைணவர்கள், சுற்றுவட்டத்துக் குடியானவர்கள் என்று எல்லோரும் இங்கே குலதெய்வத்திடம் வருவதைப்போல வருகிறார்கள்.

மூலவரைப் பார்க்க வேண்டும். சாளக்கிராமத் திருமேனி. உடல் மேற்கே பார்த்திருக்கிறது, முகம் தெற்கே திரும்பியிருக்கிறது. இரண்டு கையும் இடுப்பில். எங்கள் பக்கத்தில் வரப்பு வெட்டி முடித்தவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் கை ஊன்றி வயலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாரே, அந்த நிற்கை. வேலை முடிந்தது என்று சொல்கிற நிற்கை. இரணியாட்சனைக் கொன்று நிலத்தை மீட்டபின் பெருமானின் வியர்வை சொட்டித்தான் நித்திய புஷ்கரணி ஆயிற்று, கண்ணிலிருந்து அரசமரமும் துளசியும் பிறந்தன என்கிறது தலபுராணம். தலமரம் அரசு. தாயார் அம்புஜவல்லி. எங்கள் பக்கம் அம்புஜம், அம்புஜவல்லி என்று இத்தனை பெண்கள் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

பிரசாதத்தைச் சொல்லாமல் இந்தப் பெயரைப் பற்றிப் பேச முடியாது. இங்கே கோரைக்கிழங்கு உருண்டை கிடைக்கும். கோரைக்கிழங்கை உலர்த்தி இடித்துச் சலித்து, இனிப்பும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டை. வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பின்னாலேயே மண்வாசனையும் லேசான கார்ப்பும். வயலில் கோரை என்றால் விவசாயிக்கு எரிச்சல். எத்தனை தடவை களை எடுத்தாலும் கிழங்கு அடியிலேயே கிடந்து ஒரே மழைக்கு மறுபடி தலை நீட்டும். அந்தக் கிழங்கைத் தேடித்தான் பன்றி மூஞ்சியால் நிலத்தைப் புரட்டுகிறது. பன்றி ஆசையாகத் தின்பதை அப்படியே சாமிக்குப் படைத்திருக்கிறார்கள். அவதாரம் என்று பெயரளவில் சொல்லிவிட்டு விலங்கை மறந்துவிடவில்லை. விலங்கின் பசி வரைக்கும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். மூலப் பெயர் திருமுட்டம். ஊரின் சிவன் கோயிலைச் சைவர்கள் தேவாரத்தில் பெயர் வந்த வைப்புத் தலமாக எண்ணுவது இந்தப் பெயரில்தான். முட்டம் என்று குமரிக் கடற்கரையிலும் ஊர் உண்டு, கோவைப் பக்கமும் உண்டு. ஸ்ரீமுஷ்ணம் என்பதற்கு வடமொழியில் திருடுதல் என்ற வினையைக் காட்டி ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பழைய தமிழ்ப் பெயரின் ஒலியை வடமொழியில் வார்த்துவிட்டுப் பிறகு அதற்குப் பொருள் தேடியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பக்கத்து ஊரே இதற்குத் துணை. முதுகுன்றம், பழமலை என்று இருந்தது விருத்தாசலம் ஆகவில்லையா? அங்கே பொருளை மொழிபெயர்த்தார்கள், இங்கே ஒலியை. சனங்கள் இரண்டையும் கலந்து சீமுட்டம் என்று தங்களுக்கு வசதியான ஒன்றைச் செய்துகொண்டார்கள். ஆயா சொன்ன பெயரில் பழைய முட்டம் பத்திரமாக இருந்ததை இத்தனை நாள் கழித்துக் கவனிக்கிறேன்.

ஊருக்கும் பிள்ளைப் பெயருக்கும் உள்ள இந்தக் கட்டு ஸ்ரீமுஷ்ணத்துக்கு மட்டும் உரியதல்ல. கடலூர் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்தால் ஆட்களைப் பார்க்காமலே எந்த ஊர்ச் சுற்றுவட்டம் என்று சொல்லிவிடலாம். கொளஞ்சி, கொளஞ்சிநாதன், கொளஞ்சியப்பன் என்றிருந்தால் விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூர். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் தீராத வழக்கைத் தாளில் எழுதிப் பிராது கட்டுவார்கள். கொளஞ்சி என்று பெண்ணுக்கும் வைப்பார்கள். விருத்தகிரி, பழமலை என்றால் விருத்தாசலம் பெரிய கோயில். 'சனங்களின் கதை' தந்த கவிஞர் பழமலய்யின் பெயர் அந்த மலையின் பெயர். விருத்தாசலத்தில் 2006இல் வென்ற விஜயகாந்த் பிறகு தான் இயக்கிய படத்துக்கு 'விருத்தகிரி' என்று பெயர் வைத்ததற்கும் தொகுதி மனசில் இருந்திருக்கும். தேவநாதன் என்றால் திருவந்திபுரம். நடராசனும் சிதம்பரமும் தில்லை. இந்த வரைபடத்தில் தெற்கு மூலையில் பூவராகன்.

வேண்டுதல் பெயர் இந்த மண்ணில் எவ்வளவு ஆழமானது என்பதற்குப் புவனகிரி ஒரு சான்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு தம்பதி திருப்பதிப் பெருமாளை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு வேங்கடநாதன் என்று பெயர் வைத்தார்கள். உலகம் அவரைத் துறவுப் பெயரான ராகவேந்திரராகவே அறியும். காட்டுமன்னார்கோயிலில் இன்னொரு விதம். நாதமுனிகள் யமுனைக் கரைக்குப் போய்வந்த நினைவில்தான் அவர் பேரனுக்கு யாமுனன் என்ற பெயர் வந்தது என்பது குருபரம்பரைக் கதை. அந்த யாமுனர்தான் ஆளவந்தார். ஒருவருக்குச் சாமி, ஒருவருக்கு ஆறு. இரண்டிலும் வீட்டார் போய் நின்ற ஓர் இடம் பிள்ளையின் மேல் பெயராகத் தங்கிவிட்டது.

ஸ்ரீமுஷ்ணத்திலும் அப்படித்தான். குழந்தை இல்லாதவர்கள் நித்திய புஷ்கரணியில் முங்கி எழுந்து சாமியைக் கும்பிடுவார்கள், குழந்தையம்மன் சந்நிதிக்கும் போவார்கள். பிறந்தால் உன் பெயரையே வைக்கிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். ஆண் என்றால் பூவராகன், பூவராகமூர்த்தி, பூவராகசாமி, வராகமூர்த்தி. பழைய தலைமுறையில் பூவராகம் என்றே நிறுத்திவிடுவார்கள். பூவராகம் பிள்ளை என்று தமிழறிஞர் ஒருவர் இருந்தார். முதல் முடியை இங்கே இறக்கி, காது குத்தி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னால் கடன் தீர்ந்தது. எங்கள் தாத்தாவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லையாம். தரையில் விழுந்ததைத் தூக்கிக் கொடுத்த சாமி என்று அவர் அம்மா சொல்வாராம். பூமியைத் தூக்கிய கதையை அந்த அம்மாள் தன் கைப்பிள்ளையின் அளவுக்குச் சுருக்கிவைத்திருந்தார். பெயருக்கு நான் படித்த எந்த உரையும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

முகம் சுளித்தவரின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பன்றி என்பது இன்று தமிழில் வசவு. தெருவில் அதைச் சொல்லி ஒருவரைத் திட்டினால் கைகலப்பில் முடியும். பழைய தமிழ் அப்படிப் பார்க்கவில்லை. சங்கப் பாட்டில் தினைப்புனத்துக்கு வரும் பன்றி, எச்சரிக்கையும் ஆற்றலும் உள்ள விலங்கு. பல்லி ஒலித்தால் நின்று சகுனம் பார்க்கும் பன்றி நற்றிணையில் வருகிறது. ஆண் யானையைக் களிறு என்பதைப்போல ஆண் பன்றியையும் களிறு என்று சொல்லலாம் எனத் தொல்காப்பிய மரபியல் இடம் தருகிறது. கேழல், ஏனம் என்ற சொற்களை ஆழ்வார்கள் இந்த அவதாரத்துக்குத் தயக்கமில்லாமல் ஆண்டார்கள். காட்டுப் பன்றியிடம் இருந்த மதிப்பு, குப்பையில் மேயும் ஊர்ப் பன்றியைப் பார்த்துப் பார்த்துக் கரைந்துபோயிருக்க வேண்டும். இப்போது காட்டுப் பன்றியும் மதிப்பிழந்துவிட்டது. மக்காச்சோளத்தையும் மணிலாவையும் ஒரே இரவில் புரட்டிப்போட்டால் விவசாயி என்ன செய்வார்? காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறை சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வயலில் விரட்டுவதும் கோயிலில் கும்பிடுவதும் ஒரே ஆள்தான். அவர் பெயரும் பூவராகனாக இருக்கலாம். அவருக்கு இதில் முரண்பாடு தெரிவதில்லை, எனக்கும் தெரியவில்லை. பசியோடு வருவது விலங்கு, நிலத்தைக் கொண்டுவந்து கொடுத்தது சாமி.

இந்த முகச்சுளிப்புக்கு முழுப் பதில் கிள்ளையில் இருக்கிறது. மாசி மகத்துக்கு உற்சவர் யக்ஞவராகர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிளம்பி, ஊர் ஊராக மண்டகப்படி ஏற்று, சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரக் கிள்ளைக்குப் போகிறார். சுமார் ஐம்பது கிலோமீட்டர். கடலில் தீர்த்தவாரி. கிள்ளையில் சையது ஷா ரஹ்மத்துல்லா தர்கா இருக்கிறது. சாமி அங்கே வரும்போது இஸ்லாமியப் பெரியவர்கள் முன்னால் வந்து மாலையும் பழமும் வைத்து வரவேற்கிறார்கள். கோயில் மாலை தர்காவுக்குள் போகிறது, பாத்தியா ஓதப்படுகிறது. அந்த விலங்கின் பெயரைக்கூடச் சொல்ல விரும்பாத மரபில் வந்தவர்கள் அந்த முகம் கொண்ட தெய்வத்தை வாசலில் நின்று எதிர்கொள்கிறார்கள். நான் ஒருமுறை அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்ற சின்னப் பையனிடம், "பூவராகசாமி வந்துட்டாரு பாரு" என்றார். அந்த 'ர்' மரியாதை தானாக வந்தது. அவர் வாயில் அந்தப் பெயருக்கு விலங்கும் இல்லை, புராணமும் இல்லை. வருஷத்துக்கு ஒருதரம் வந்துபோகும் சீமுட்டத்து விருந்தாளியின் பெயர் அது. ஆயா சொன்ன பொருளேதான்.

இருபதாம் நூற்றாண்டு நம் பெயர்களை ஒரு புரட்டுப் புரட்டியது. வேதாசலம் மறைமலையானார், நாராயணசாமி நெடுஞ்செழியனானார், ராமையா அன்பழகனானார். அந்தத் தமிழ்ப் பெயர் இயக்கம் தந்த தன்மானத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். செழியனும் இளங்கோவும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் பூவராகனை யாரும் தமிழாக்கி நான் பார்த்ததில்லை. நிலமேந்தி என்றோ மண்மீட்டான் என்றோ அழகாகச் சொல்லலாம். சொன்னால் பொருள் கிடைக்கும், ஊர் கிடைக்காது. பழமலை விருத்தகிரியானாலும் சுட்டுவதற்கு மலை அங்கேயே இருக்கிறது. பூவராகனில் ஊரைச் சுட்டுவது அந்த ஒலி மட்டும்தான்.

இன்றைய ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. பெயர் எந்த ஊரையும் காட்டிவிடக் கூடாது என்ற கவனம் இளம் பெற்றோரிடம் வந்திருக்கிறது. 'ஷ்' என்று முடிய வேண்டும், இரண்டு அசைக்கு மேல் போகக் கூடாது, எண்கணிதம் கூட்டினால் ஐந்து வர வேண்டும். பொருள் கேட்டால் செயலியைக் காட்டுகிறார்கள். அதில் பாதிப் பெயர்களுக்கு எந்த மொழியிலும் வேர் கிடையாது. பிள்ளைக்கு எது வைப்பது என்பது பெற்றவர் உரிமை, அதில் சண்டைக்கு வரவில்லை. வேர் இல்லாத சொல்லுக்கு அழகான பொருளை இட்டுக்கட்டி விற்கிறார்களே, அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆங்கில எழுத்தும் ஒரு தொல்லை. தாத்தா பெயரின் முதலெழுத்து தமிழில் 'பூ' என்று கம்பீரமாக நிற்கும். ஆங்கிலத்தில் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் 'B' என்றும், வேலையில் சேர்ந்த அலுவலகத்தில் 'P' என்றும் போட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஓய்வூதிய நேரத்தில் வாக்குமூலமும் முத்திரைத்தாளுமாக நான்கு மாதம் நடந்தார். பெயர் வைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. முதல் நாளே தமிழில் 'பூவராகன்' என்று எழுதுங்கள், 'ராகவன்' வேண்டாம். ஆங்கில எழுத்தையும் அன்றைக்கே முடிவு செய்து, பிறப்புச் சான்றிலிருந்து ஆதார் வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அவசரமும் இல்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குமேல் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை இடம் உண்டு.

எங்கள் வீட்டில் பதினோரு மாதம் ஆனது. தம்பி மனைவிக்கு நவீனப் பெயர் வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் நட்சத்திரம்தான் தீர்த்துவைத்தது. பையன் பூராடம் முதல் பாதம். அதற்குரிய எழுத்தைச் சோதிடர் தாளில் எழுதித் தந்தார்: பூ. தம்பி மனைவி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ தாத்தா பேரே இருக்கட்டும்" என்றாள். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று. இவன் கொள்ளுப்பேரன், ஒரு தலைமுறை தாண்டிப் பெயரை வாங்கிக்கொண்டான். வெண்கலக் குடத்தில் 'பூவராகன்' என்று தாத்தா காலத்தில் வெட்டிய எழுத்து தேய்ந்து மங்கியிருந்தது. பாத்திரக் கடைக்காரர் அதே கோட்டின் மேல் மின்பேனாவை வைத்து மறுபடி ஓட்டித் தந்தார்.

இதில் ஒரு சிக்கல் மிச்சம். அம்மாவுக்கு அது மாமனார் பெயர். ஐம்பது வருஷமாகச் சொல்லாத பெயரை இப்போது பேரப்பிள்ளைக்காக எப்படிச் சொல்வார்? தம்பி மனைவி வாய் நிறையப் பூவராகா என்று கூப்பிடுகிறாள். அம்மா மட்டும் சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்து, தெருவில் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பவனைப் பார்த்துக் கூப்பிடுகிறார்:

"சாமி, சோறு ஆறுது, வா சாமி."